கோதுமை வேண்டாம், மக்காச்சோளமும் வேண்டாம்: அப்புறம் எது உப்பும்?

சாயங்காலம் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு பரோட்டாக் கடை வாசலில் நின்று மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையைத் தட்டி, வீசி வீசி விரிக்கிறார். அடியில் இருக்கும் மேடையின் நிறம் தெரியும் அளவுக்கு மாவு மெலிகிறது, ஆனாலும் அறுந்து போவதில்லை. அப்படி அறுபடாமல் பிடித்திருப்பதுதான் குளூட்டன்.

கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குளூட்டெனின் முறுக்கைத் தரும், கிளையடின் நீள விடும். பிரெட்டில் இதே பின்னல், ஈஸ்ட் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைச் சின்னச் சின்னக் குமிழ்களாகப் பிடித்து வைக்கிறது. அடுப்பின் சூட்டில் மாவுச்சத்து வெந்து, புரதம் இறுகியதும் அந்தக் குமிழ்கள் அப்படியே நின்றுவிடும். பிரெட் மெத்தென்று இருப்பது அதனால்தான்.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் ஆகாது. கிளையடினை யாருடைய வயிறும் முழுசாகச் செரிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதனால் பாதிப்பும் இல்லை. ஆனால் ஹெச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் ஒரு சிலருக்கு, செரிக்காத துண்டுகளைக் கண்டதும் நோயெதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்து சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகின்றன. சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உள்ள புரதங்களும் இதே வேலையைச் செய்யும். சந்தேகம் வந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் கோதுமையை நிறுத்த வேண்டும். முன்னாலேயே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

மக்காச்சோளத்தின் கதை வேறு. சீலியாக்கைத் தூண்டும் குளூட்டன் அதில் இல்லை. ஆனால் சிலருக்கு அதன் புரதங்கள் ஒவ்வாமையைக் கிளப்பும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்பு, உதடு வீக்கம், மோசமானால் மூச்சுத் திணறல். இரண்டும் ஒருவருக்கே வந்தால்தான் திண்டாட்டம். ஏனென்றால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கும் பிரெட்டில் கோதுமையின் இடத்தைப் பெரும்பாலும் பிடிப்பது மக்காச்சோள மாவுச்சத்துதான். குமிழைப் பிடிக்கச் சேர்க்கும் சாந்தன் பசையும் ஒரு பாக்டீரியா சர்க்கரையைத் தின்று உண்டாக்குவது. அந்தச் சர்க்கரை பல நேரம் மக்காச்சோளத்திலிருந்து வரும்.

பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாலும் பாதிதான் புரியும். இந்திய விதிப்படி குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. ஒவ்வாமைப் பொருள் என்று கட்டாயம் தனியாகச் சொல்ல வேண்டிய பட்டியலிலும் குளூட்டன் உள்ள தானியங்கள் இருக்கின்றன, மக்காச்சோளம் இல்லை. அது ‘ஸ்டார்ச்’, ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’, ‘ஐஎன்எஸ் 1422’ (சேர்க்கைப் பொருளின் எண்) என்று பல வேஷத்தில் வரும். கஸ்டர்ட் பவுடர் முக்கால்வாசி அதுதான். பேக்கிங் பவுடரிலும் ஈரம் இழுக்க அதைப் போடுகிறார்கள். மாத்திரைகளில்கூட உண்டு. இதற்காக எல்லாப் பெயரையும் ஒரே மாதிரி பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒவ்வாமையைக் கிளப்புவது புரதம். மக்காச்சோளத்திலிருந்து எடுத்து நன்றாகச் சுத்திகரித்த சிட்ரிக் அமிலத்தில் அது அநேகமாக இருக்காது, வெறும் மாவில் இருக்கும். எவ்வளவு தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை ஒவ்வாமை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, குளூட்டனும் மக்காச்சோளமும் இல்லாமல் உப்பும் பண்டம் உலகத்தில் உண்டா? காலையில் தெருமுனை ஆயா கடையில் துணியிலிருந்து பிரித்து எடுக்கிறார்களே, அந்த இட்லிதான். உளுந்தை ஆட்டும்போது அது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உளுந்தின் புரதங்கள் குமிழைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிகின்றன. அதிலுள்ள, சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த கொழகொழப்பான ஒரு பொருள் அந்தத் தோல் உடையாமல் காக்கிறது. ராத்திரி முழுக்க லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வாயுவை விட்டு மாவைப் பொங்கவைக்கும். காலையில் நீராவி பட்டதும் அரிசியின் மாவுச்சத்து வெந்து எல்லாவற்றையும் இறுக்கிவிடும். பிரெட்டில் நடக்கும் அதே காரியம்தான், குளூட்டன் இருக்கும் இடத்தில் உளுந்து.

ஆபத்து இட்லியில் இல்லை, பக்கத்தில் ஊற்றும் சாம்பாரில். பெருங்காயத்தை அப்படியே போட்டால் காரம் தாங்காது என்று பிசினும் மாவும் கலந்துதான் கடைக்கு அனுப்புகிறார்கள். அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை மாவோ மைதாவோ. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கண்ணி மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயைத் தட்டத் தட்ட அந்த மாவு உங்கள் அரிசி மாவோடு சேர்ந்தே உதிரும். சீலியாக் உள்ளவர்களுக்கு அந்தக் கொஞ்சமே போதும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. மளிகைக் கடையில் சோள மாவு கேட்டால் சில இடத்தில் வெள்ளைச் சோளத்து மாவு வரும், பல இடத்தில் மக்காச்சோள மாவுச்சத்தான கார்ன்ஃப்ளார் வரும். எதைத் தருகிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

வெளியே சாப்பிடுவதில் வடசென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ் கேழ்வரகும் நொய்யும். மண்ணடிப் பள்ளிவாசல்களில் ரம்ஜானுக்குக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அரிசியும் பருப்பும். சவுகார்பேட்டை முறுக்கு சாண்ட்விச்சில் பிரெட்டுக்குப் பதில் அரிசி மாவு முறுக்கு. பெருங்காயத்தை மட்டும் விசாரிக்க வேண்டும். பர்மா பஜார் அத்தோவுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான், அந்த நூடுல்ஸ் மைதா. காசிமேட்டு மீனை வீட்டில் மிளகாய்த்தூளும் அரிசி மாவும் தடவிப் பொரித்தால் கவலை இல்லை. கடையில் மொறுமொறுப்புக்குக் கார்ன்ஃப்ளார் தூவுவார்கள், சிக்கன் 65-க்குக் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் டீயில் தொட்டுச் சாப்பிட பிரெட்தான் வேண்டும் என்றால், மெடிக்கலில் கிடைக்கும் இசப்கோல் உமி கை கொடுக்கும். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் ஊறினால் அது பாகு மாதிரி கெட்டியாகி, குளூட்டன் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும். கால் கிலோ அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்ததற்கு இரண்டு, மூன்று ஸ்பூன் உமி, ஈஸ்ட், உப்பு, தாராளமாகத் தண்ணீர். உருண்டை பிடிக்க வராது, தோசை மாவை விடக் கெட்டியாக டின்னில் ஊற்றுவதுதான் பதம். ஈஸ்ட் இல்லாமல் அவசரத்துக்குச் செய்தால் பேக்கிங் பவுடரை விட்டுவிட்டு ஆப்ப சோடாவும் தயிரும் போடலாம். சுட்ட அன்றைக்கே நன்றாக இருக்கும். மறுநாள் அரிசியின் மாவுச்சத்து மறுபடி இறுகிக் கல்லாகிவிடும். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள்.