வெயில் பறித்த உயிர்களை எண்ணுவது எப்படி?

"கடும் வெயிலுக்கு இத்தனை ஆயிரம் பேர் பலி என்று செய்தி வருகிறது. இறப்புச் சான்றிதழில் யாரும் 'வெயில்' என்று எழுதுவதில்லையே, பிறகு எப்படி எண்ணுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காலநிலை மாற்றத்தால் உடல்நலத்துக்கும் பொருளாதாரத்துக்கும் வரும் பாதிப்பை ஆராய்பவர்கள் முதலில் சந்தித்த சிக்கலே இதுதான்.

சூடேறிய உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டும், வியர்வை சுரந்து ஆவியாக வேண்டும். அதற்காக இதயம் கூடுதலாக உழைக்கிறது; நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகமும் திணறுகிறது. ஏற்கெனவே பலவீனமான இதயம் அந்த நாளில் நின்றுபோனால் சான்றிதழில் 'மாரடைப்பு' என்றுதான் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் வெயிலின் பங்கு அங்கே பதிவாகாமல் போகிறது. ஹீட் ஸ்ட்ரோக் என்று நேரடியாக எழுதப்படும் மரணங்கள் மொத்தத்தில் சிறு பகுதிதான்.

அதனால் ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஒரு நகரத்தில் தினமும் எத்தனை பேர் இறந்தார்கள், அன்றைய வெப்பநிலை என்ன, இந்த இரண்டு பட்டியல்கள் போதும். ஒரு நகரத்தை இன்னொரு நகரத்தோடு ஒப்பிடக் கூடாது. அங்கே வயதானவர்கள் அதிகமாக இருக்கலாம், இங்கே மருத்துவமனை நன்றாக இருக்கலாம். எனவே ஒரு நகரத்தை அதே நகரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு மே மாதத்தின் கொதிக்கும் செவ்வாய்க்கிழமையை, அதே மே மாதத்தின் மற்ற செவ்வாய்க்கிழமைகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் ஊர் முழுக்கப் புகைபிடிப்பதை நிறுத்திவிடாது, வறுமை ஒழிந்துவிடாது, மக்களின் சராசரி வயதும் மாறிவிடாது. பெரிதாக மாறியது வானிலைதான். யாரையும் சோதனைக்கு உட்படுத்தாமல் இயற்கையே நடத்திக் கொடுத்த சோதனை இது. புள்ளியியலில் இவ்வளவு அழகான யோசனை எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இன்றைய வெயில் இன்றே கொல்ல வேண்டியதில்லை. நாளையோ மூன்றாம் நாளோ கொல்லலாம். குளிரின் விளைவு வாரக்கணக்கில் இழுக்கும். எப்படியும் அந்த வாரம் இறந்திருக்கக்கூடியவர்கள் சில நாள் முன்னதாக இறப்பதும் நடக்கும். அப்படியென்றால் வெப்ப அலைக்குப் பிறகு இறப்புகள் வழக்கத்தைவிடக் குறைய வேண்டும். அந்தக் கூடுதலையும் குறைவையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான இழப்பு தெரியும். இதற்கான கணித முறையை 2010-இல் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அன்டோனியோ காஸ்பரினி என்ற புள்ளியியலாளர்.

வெப்பநிலையை இடமிருந்து வலமாகவும் இறப்பைக் கீழிருந்து மேலாகவும் வைத்து வரைந்தால் கிடைக்கும் கோடு கிண்ணம்போல் இருக்கும். நடுவில் ஒரு வெப்பநிலையில் இறப்பு மிகக் குறைவு. இரு பக்கமும் ஏறும். அந்த நடுப்புள்ளி ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் உடலும் வீடும் பழக்கமும் ஊரின் வெப்பத்துக்குப் பழகியவை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: 13 நாடுகளின் தரவை வைத்து 2015-இல் வந்த ஆய்வில், வெப்பத்தைவிடக் குளிரோடு தொடர்புடைய இறப்புகளே பல மடங்கு அதிகம். ஆனால் பூமி சூடாகச் சூடாக நாட்கள் கோட்டின் வலது பக்கம் நகர்கின்றன. அந்தப் பக்கம் பல ஊர்களில் செங்குத்தாக ஏறுகிறது.

சரி, இதில் மனிதரால் வந்த வெப்பமாதலின் பங்கு எவ்வளவு? ஆனா விசெடோ-கப்ரேரா என்ற ஆய்வாளரும் காஸ்பரினியும் பலரும் சேர்ந்து 2021-இல் இதற்குப் பதில் கண்டார்கள். மனிதர் வெளியிட்ட வாயுக்கள் இல்லாத பூமியின் வெப்பநிலையைக் கணினி மாதிரிகளில் எடுத்து, அதே கோட்டில் பொருத்தினார்கள். இரண்டு பூமிகளுக்கும் இடையிலான வித்தியாசமே விடை. 43 நாடுகளின் 732 இடங்களில், 1991 முதல் 2018 வரை வெப்பத்தால் நேர்ந்த இறப்புகளில் சுமார் 37 சதவீதம் மனிதரால் வந்த வெப்பமாதலின் கணக்கில் விழுந்தது.

பொருளாதார இழப்பைக் கணக்கிடுவதிலும் இதே உத்திதான். ஒரு நாட்டின் சூடான ஆண்டை அதே நாட்டின் குளிர்ந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள். மார்ஷல் பர்க், சாலமன் சியாங், எட்வர்ட் மிகெல் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2015-இல் இப்படிப் பார்த்தபோது, ஆண்டுச் சராசரி 13 டிகிரி செல்சியஸ் அருகே உற்பத்தி உச்சத்தில் இருந்தது. அதைத் தாண்டினால் சரிந்தது. இழப்பு எவ்வளவு நிரந்தரமானது என்பதில் பொருளியலாளர்களிடையே விவாதம் நடக்கிறது. உழைப்பாளியின் உடலிலிருந்து தொடங்கும் கணக்கும் உண்டு. 2030-இல் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வெப்பத்தால் வீணாகலாம், அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் கணித்தது. விவசாயமும் கட்டட வேலையும் நிழலில் நடப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. வெட்டவெளியில் நிற்பவர்களின் நிலை இன்னும் மோசம்.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. அந்த 43 நாடுகளின் பட்டியலில் ஆப்பிரிக்காவின், தெற்காசியாவின் பெரும்பகுதி இல்லை. காரணம், நாள்வாரி இறப்புத் தரவு இல்லை. வயதானவர் வெயிலில் இறந்தால் "விதி முடிந்தது" என்று சொல்லிவிடுகிறோம். பதிவேடும் அதோடு மூடிவிடுகிறது. செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் நிதியில் துளியளவு இறப்புப் பதிவுக்குக் கிடைத்தாலும் போதும். ஒவ்வொரு இறப்பையும் தேதியோடு பதிந்து, பெயரை நீக்கி, நாள்வாரி எண்ணிக்கையை ஆய்வாளர்களுக்குத் தரலாம். எந்த வெப்பநிலையில் எச்சரிக்கை விட வேண்டும், எந்த நேரத்தில் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்பதை அப்போது அந்தந்த ஊரின் கோட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.