ஆஸ்திரேலியப் பூர்வகுடி நோயாளிகளுக்கு உள்ள சலுகைகள்: எங்கே தொடங்கி எங்கே நழுவுகின்றன

சர்க்கரை, சிறுநீரகம், இதயம், நுரையீரல் என்று நாள்பட்ட நோயோடு வாழும் அபோரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கு ஆஸ்திரேலிய அரசு பல தனி ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. மருந்து விலையில் சலுகை உண்டு, இலவச முழுப் பரிசோதனை உண்டு, நிபுணரிடம் போய்வரப் பணம் உண்டு, கூட அழைத்துப் போக ஆளும் உண்டு. இருந்தும் பலருக்கு இவை போய்ச் சேர்வதில்லை. அந்நாட்டுச் சிற்றூர்க் கிளினிக்குகளிலும் பார்மசிகளிலும் டாக்டராக, நர்ஸாக, ரிசப்ஷனில் வேலை செய்யும் தமிழர்கள் பலர். எங்கே நழுவுகிறது என்று தெரிந்தால் அவர்களே பாதியைச் சரிசெய்துவிடலாம்.

முதல் நழுவல் ரிசப்ஷன் மேசையில். “நீங்கள் அபோரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு வம்சாவளியைச் சேர்ந்தவரா?” என்ற கேள்வியை வருகிற எல்லோரிடமும் கேட்க வேண்டும். நிறத்தையோ பெயரையோ பார்த்து முடிவுகட்டக் கூடாது. வெளுத்த தோலும் நீலக் கண்ணுமாகப் பூர்வகுடியினர் பலர் இருக்கிறார்கள். கீழே சொல்லும் மருத்துவச் சலுகைகளுக்கு அவர் வாய்ச்சொல்லே போதும், சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. சிலர் பதில் சொல்லத் தயங்குவார்கள். அரசு அதிகாரிகள் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போன வழக்கம் 1970கள் வரை நீடித்தது. அரசு படிவத்தில் அடையாளத்தை எழுதுவது அந்தக் குடும்பங்களுக்குச் சாதாரண விஷயமல்ல. “இதைப் பதிந்தால் மருந்துச் செலவு குறையும், கூடுதல் பரிசோதனைகள் கிடைக்கும்” என்று காரணத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

அடுத்தது அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 715 என்ற எண்ணில் வரும் முழுப் பரிசோதனை. எந்த வயதினருக்கும், 9 மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், காது, பல், தடுப்பூசி, மனநிலை, வீட்டுச் சூழல் எல்லாம் இதில் அடங்கும். அவசர அவசரமாகக் கட்டங்களை டிக் அடித்து முடித்தால் இதற்கு மதிப்பே இல்லை. இதன் உண்மையான பயன் பின்தொடர்வில்தான்: கிளினிக் நர்ஸோ பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரோ ஆண்டுக்கு 10 முறை வரை பார்க்கலாம், பாத மருத்துவர், உணவியல் நிபுணர், பிசியோதெரபிஸ்ட் போன்றோரிடமும் ஆண்டுக்கு மொத்தம் 10 முறை வரை மெடிகேரில் போகலாம். பாத மருத்துவர் மெடிகேர் தொகைக்கு மேல் வசூலிப்பவராக இருந்தால் மீதியை நோயாளிதான் கட்ட வேண்டும். எனவே நேரம் குறிக்கும்போதே பல்க் பில்லிங் (மெடிகேர் தரும் தொகையையே முழுக் கட்டணமாக ஏற்பது) உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மருந்துச் சலுகை 2010 ஜூலையில் தொடங்கியது. பி.பி.எஸ். எனப்படும் அரசு மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்குப் பொது நோயாளி கட்டும் தொகை 2026 சனவரி முதல் அதிகபட்சம் 25 டாலர். ஓய்வூதியர், குறைந்த வருமானத்தோர் போன்றோருக்கு அரசு தரும் சலுகை அட்டை உள்ளவருக்கு 7.70. இத்திட்டத்தில் பதிந்தால், அட்டை இல்லாதவர் 7.70 கட்டினால் போதும், அட்டை உள்ளவர் எதுவுமே கட்ட வேண்டாம். மாதம் நான்கு மருந்து வாங்குபவருக்கு 100 டாலர் 30.80 ஆகிறது. வாடகையா மாத்திரையா என்று யோசிக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது.

2021 ஜூலைக்கு முன் மருந்துச்சீட்டு ஒவ்வொன்றிலும் குறி போட வேண்டியிருந்தது. இப்போது மெடிகேரின் இணையப் பதிவில் ஒரே ஒருமுறை பதிந்தால் வாழ்நாள் முழுதும் செல்லும். மருந்து எழுதித்தரும் எவரும், பதிவுபெற்ற பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரும் பதியலாம். பார்மசிக்காரர் பதிய முடியாது. சிக்கலும் இங்கேதான் வருகிறது: கிளினிக்கின் சொந்தக் கணினியில் ‘அபோரிஜினல்’ என்று குறித்ததையே பதிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. பார்மசியில் முழு விலை கேட்டால் நோயாளி ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடுவார். பார்மசியில் இருப்பவர் உடனே கிளினிக்குக்கு ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, விலையுயர்ந்த பிராண்டுக்கான கூடுதல் தொகையை இத்திட்டம் ஏற்காது. அதே மருந்தின் மலிவான பிராண்டைக் கொடுங்கள்.

துணைக்கு ஆள் தரும் திட்டம் 2016 ஜூலையில் வந்த ஒருங்கிணைந்த குழுப் பராமரிப்பு, சுருக்கமாக ஐ.டி.சி. வட்டார ஆரம்பச் சுகாதார அமைப்புகள் வழியாக நிதி வருகிறது. பல இடங்களில் பூர்வகுடிச் சமூகமே நடத்தும் மருத்துவ நிலையங்கள் இதைச் செயல்படுத்துகின்றன. (அத்தகைய முதல் நிலையம் 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் தொடங்கியது.) பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் சிகிச்சைத் திட்டத்தை நோயாளிக்குப் புரியவைப்பார், நிபுணர்களிடம் நேரம் வாங்குவார். களப்பணியாளர் வீட்டிலிருந்து அழைத்துப்போய், காத்திருக்கும் அறையில் கூடவே உட்கார்ந்திருப்பார். நிபுணர் கட்டணத்தின் மீதித் தொகை, போக்குவரத்து, மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து அடைத்த அட்டை, சர்க்கரை அளக்கும் கருவி, தனிச் செருப்பு போன்றவற்றுக்கும் பணம் உண்டு.

இதற்கு டாக்டரின் ரெஃபரலும் நாள்பட்ட நோய்க்கான திட்ட அறிக்கையும் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து பழைய 721, 723 எண்களுக்குப் பதில் 965தான் அந்த அறிக்கைக்கான மெடிகேர் எண், மறுபரிசீலனைக்கு 967. தேவைப்படும் கருவியையும் சேவையையும் அறிக்கையிலேயே பெயர் சொல்லி எழுதிவிட்டால் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நாள் குறையும். செலவு செய்துவிட்டு ரசீதோடு போவதைவிட முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவதே நல்லது. நிபுணருக்கான ரெஃபரல் வழக்கமாக 12 மாதம் செல்லும். அது நிபுணரை முதலில் பார்த்த நாளிலிருந்து கணக்கு. தீர்ந்துவிட்டதை வாசலில் கண்டுபிடித்தால், 300 கிலோமீட்டர் வந்தவர் அடுத்தமுறை வரவே மாட்டார்.

தூரப் பயணத்துக்கு மாநிலங்களின் உதவி தனி. தகுதிக்கான தூரம் ஊருக்கு ஊர் மாறும்: குயின்ஸ்லாந்தில் 50 கிலோமீட்டர், நியூ சவுத் வேல்ஸில் 100, வட பிரதேசத்தில் 200.

பண்பாட்டுப் பாதுகாப்பு, அதாவது நோயாளியின் பண்பாட்டை மதித்து, அவமதிப்போ பாகுபாடோ இல்லாமல் சிகிச்சை தருவது, 2022 முதல் மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளியும் அவர் சமூகமும்தான் சொல்ல முடியும், டாக்டர் அல்ல. நடைமுறையில் சில விஷயங்கள். “புரிந்ததா?” என்றால் பலர் மரியாதைக்காக “ஆமாம்” என்பார்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, “நாளைக் காலையில் எதை எடுப்பீர்கள், காட்டுங்கள்” என்று கேளுங்கள். மத்திய ஆஸ்திரேலியாவில் சிலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. பேத்தியை மொழிபெயர்க்க வைக்காமல் பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர் சேவையை அழையுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. பெண் நோயை ஆணிடமும் ஆண் நோயை பெண்ணிடமும் சொல்வது பல குடும்பங்களில் தகாது. ரெஃபரலிலேயே அதை எழுதுங்கள். சாவு வீட்டுச் சடங்குகள் வாரக்கணக்கில் நீளும். அந்த நாட்களில் வராதவரைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்காமல், புதிய தேதி கொடுப்பதுதான் நியாயம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் நாளே பூர்வகுடித் தொடர்பு அலுவலரைக் கேளுங்கள். சிகிச்சையின் பாதியிலேயே கிளம்ப நினைப்பவரிடம் ‘என் பொறுப்பில் போகிறேன்’ என்று கையெழுத்து வாங்குவதற்கு முன், ஏன் என்று கேட்க வேண்டியவர் அவர். வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அடுத்த பஸ் மூன்று நாள் கழித்துத்தான் என்பது போன்ற காரணமாக இருக்கும். அப்படியும் கிளம்பினால் மருந்துப் பையைக் கொடுத்தனுப்புங்கள், டிஸ்சார்ஜ் கடிதம் அன்றைக்கே அவருடைய கிளினிக்குக்குப் போய்ச் சேரட்டும்.