முதல் நகர்விலேயே 20 வரவில்லை

செஸ் ஆட்டத்தின் தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்பும் ஒன்று ஆடினால் 400. இப்படி இருவரும் மாறி மாறி ஐந்து நகர்வுகள் ஆடினால், அதாவது ஐந்தாவது ஆழத்தில், 48,65,609. செஸ் ஆடும் நிரலான என்ஜினை எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைப் பெர்ஃப்ட் எண் என்போம். எந்தக் கணினியில் எண்ணினாலும் இதே எண்தான் வரவேண்டும்.

கல்லூரி மாணவர் ஒருவர் தன் என்ஜினை எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய லினக்ஸ் மடிக்கணினியில் எல்லா எண்களும் சரி. நண்பரின் விண்டோஸ் கணினியில் கம்பைல் செய்தபோது முதல் ஆழத்திலேயே 18 வந்தது. "சார், ஒரு வரிகூட மாத்தலை" என்று எழுதியிருந்தார். உண்மைதான், அவர் எதையும் மாற்றவில்லை.

பலகையில் 64 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பிட் என்று 64 பிட் எண்ணில் காய்களை வைப்பது பழைய, நல்ல முறை. அந்த எண்ணுக்கு அவர் 'அன்சைன்ட் லாங்' என்ற வகையைப் பயன்படுத்தியிருந்தார். 64 பிட் லினக்ஸில் அது 64 பிட். 64 பிட் விண்டோஸிலோ அதே பெயருக்கு 32 பிட்தான் இடம். ஒரு கட்டத்தைக் குறிக்க 1 என்ற பிட்டைக் கட்டத்தின் எண் அளவுக்கு இடம் நகர்த்துவோம்; 32 பிட் எண்ணில் அதை 32 இடமோ அதற்கு மேலோ நகர்த்தினால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை. அந்தக் கணினியின் செயலி 32-ஐக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால் 7ஆம் வரிசையில் நிற்க வேண்டிய கறுப்புச் சிப்பாய்கள் 3ஆம் வரிசைக்கு வந்துவிட்டன. வெள்ளைச் சிப்பாய்களுக்கு முன்னே நகர வழியில்லை. சிப்பாய்களின் வெட்டுகள் 14, குதிரைகளுக்கு 4, மொத்தம் 18. கட்டத்தின் எண் நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்பதால் கம்பைலரிடமிருந்து ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை.

இதற்கு மருந்து புதிதல்ல. சி மொழிக்கு 1999-லும் சி++ மொழிக்கு 2011-லும், அளவைத் தன் பெயரிலேயே சொல்லும் எண் வகைகள் மொழியின் விதிகளை வகுக்கும் தரநிலைக்குள் வந்துவிட்டன. இன்னும் பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். புதிய தரநிலைக்கு மாறுவதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். "என் கணினியில் இப்படித்தான்" என்று நீங்கள் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் மொழியின் வாயால் சொல்லவைக்கிற வேலை அது.

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் 2015-ல் சி++11-க்கு, அதாவது 2011 தரநிலைக்கு, மாறியது. அதற்கு முன் லினக்ஸுக்கு ஒரு விதமாகவும் விண்டோஸுக்கு வேறு விதமாகவும் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) நிரல் எழுத வேண்டியிருந்தது. மாறிய பிறகு பெரும்பகுதி ஒரே நிரலாயிற்று. பெரும்பகுதிதான், முழுவதும் அல்ல. மிங்டபிள்யூ கம்பைலர் வழி விண்டோஸுக்குக் கட்டும்போது த்ரெட்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் நூலகப் பூட்டு மெதுவாக இருந்ததால், அதற்கென ஒரு சிறிய மாற்றுக் கோப்பை வைத்துக்கொண்டார்கள். மேக்கில் துணை த்ரெட்டுகளுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் (தற்காலிக நினைவக) இடம் 512 கிலோபைட். ஆழமான தேடலுக்கு அது போதாது. தரநிலை த்ரெட்டில் அந்த அளவைக் கூட்ட வழியில்லாததால் அங்கேயும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. இந்த விலக்குகள் எல்லாம் ஒரு மூலையில், காரணத்தோடு குறிக்கப்பட்டு இருந்தன. நிரல் முழுக்கச் சிதறிக் கிடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சி++20-ல் எனக்கு மிகவும் பிடித்தது பிட் எண்ணும் செயல்பாடுகள். எத்தனை காய்கள் இருக்கின்றன, முதல் காய் எந்தக் கட்டத்தில் என்று என்ஜின் நொடிக்குப் பல லட்சம் முறை கேட்கும். முன்பு ஜிசிசி கம்பைலருக்கு ஒரு பெயர், மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு வேறு பெயர். எண் பூஜ்யமாக இருந்தால், முதல் காயைத் தேடும் ஜிசிசியின் பழைய செயல்பாடு என்ன தரும் என்பதற்கு உறுதி கிடையாது. தரநிலைச் செயல்பாடு 64 என்று தெளிவாகத் தரும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: செயலியின் வேகமான கட்டளையைப் பயன்படுத்தலாம் என்று கம்பைலரிடம் நீங்கள்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

தரநிலையில் இருப்பதெல்லாம் எங்கும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. மாணவரின் என்ஜினில் அடுத்து மாட்டியது அதுதான். பெர்ஃப்ட் சரியாகிவிட்டது, ஆனால் ஒரே ஆழத்துக்குத் தேடும்போது இரண்டு கணினிகளிலும் நிலைகளின் எண்ணிக்கை வேறாக இருந்தது. நகர்வுகளை அவர் தரநிலை நூலகத்தின் சார்ட் செயல்பாட்டால் வரிசைப்படுத்தியிருந்தார். சமமான மதிப்புள்ள இரண்டில் எது முன்னே வரும் என்பதை அது நூலகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடும். சமமானவற்றின் முந்தைய வரிசையைக் காக்கும் நிலையான சார்ட்டுக்கு மாற்றியதும் எண்கள் ஒன்றாயின. ரேண்டம் எண்களிலும் இதே கதைதான். 64 பிட் மெர்சென் ட்விஸ்டர் என்ற ரேண்டம் எண் முறை, ஒரே தொடக்க எண்ணுக்குத் தரும் எண் வரிசை எங்கும் ஒன்றே. ஆனால் அந்த எண்களை வேண்டிய வரம்புக்குள் கொண்டுவர அதன்மேல் வைக்கும் தரநிலைப் பரவல் நூலகத்துக்கு நூலகம் மாறலாம். பலகை நிலையை அடையாளம் காண உதவும் ரேண்டம் எண்களான சோப்ரிஸ்ட் சாவிகளுக்குப் பரவல் வேண்டாம், எண்ணை நேராக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'சார்' என்ற எழுத்து வகை. இன்டெல் கணினிகளில் அது குறை எண்ணையும் ஏற்கும். ஏஆர்எம் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஏற்காது. காலிக் கட்டத்துக்கு -1 வைத்தால் அங்கே 255 ஆகிவிடும். சி++20-உம் இதை மாற்றவில்லை. குறியுள்ள 8 பிட் வகை என்று வெளிப்படையாக எழுதினால்தான் தப்பிக்கலாம்.

தொடக்க ஆட்டப் புத்தகத்துக்கு (ஆட்டத் தொடக்கத்துக்கான நகர்வுகள் அடங்கிய கோப்பு) பலரும் பாலிகிளாட் என்ற கோப்பு வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ஒரு பதிவுக்கு 16 பைட், பெரிய பைட் முதலில் வரும். இன்றைய கணினிகளும் போன்களும் பெரும்பாலும் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. கோப்பை அப்படியே ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் வகை) வாசித்தால் புத்தகத்தில் ஒரு நிலைகூடப் பொருந்தாது, என்ஜினும் புத்தகமே இல்லாததுபோல் பேசாமல் ஆடும். பைட் பைட்டாக எடுத்து எண்ணைக் கட்டினால் எந்தக் கணினியிலும் சரியாக வரும்.

தரநிலையை மாற்றும் முன் இப்போதைய பெர்ஃப்ட் எண்களையும் தேடல் எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குறைந்தது இரண்டு கம்பைலர்களிலும் ஓர் ஏஆர்எம் கருவியிலும் ஓட்டிப் பாருங்கள். தொடக்க நிலை மட்டும் போதாது. கோட்டை கட்டுதல், கடந்துசெல்லும் சிப்பாயை வெட்டுதல், பதவி உயர்வு எல்லாம் வரும் நிலைகளும் வேண்டும்.

போன வாரம் அந்த மாணவர் தன் ஆண்ட்ராய்டு போன் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஆழம் 6, எண்ணிக்கை 11,90,60,324.