அந்தச் சில்லை உருட்டாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் யாராவது காய்ச்சலிலோ வயிற்றோட்டத்திலோ இரண்டு நாள் சோர்ந்து கிடந்தால், வீட்டில் ஒருவராவது சொல்லுவார்: "டொக்டரிட்ட போய் ஒரு சேலைன் ஏத்தினா எழும்பிடுவார்." டிஸ்பென்சரியில் தாங்களாகவே கேட்டு ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஒரு தாதியாக நான் வார்ட்டில் தொங்கவிடும் போத்தல்களுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண சேலைன் என்பது 0.9 சதவீத உப்புத் தண்ணீர். 500 மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது 4.5 கிராம் உப்பு. அதே அளவு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போத்தலில் 25 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய 100 கலோரி. ஒரு வாழைப்பழமும் அவ்வளவுதான் தரும். ஹார்ட்மன் கரைசலில் உப்போடு கொஞ்சம் பொட்டாசியம், கல்சியம், லக்டேட் சேர்ந்திருக்கும். இவற்றில் புரதமும் இல்லை, விற்றமினும் இல்லை. வாயால் குடித்து வயிற்றில் தங்குமென்றால் பெரும்பாலானவர்களுக்கு ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) கஞ்சியும் போதும். குடிக்க முடியாதவருக்கு, இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு, சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கு, சேலைனே உயிர் காக்கும் மருந்து. 1832இல் தோமஸ் லாட்டா என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் கொலராவில் வற்றிப்போன நோயாளிகளுக்கு நாளம் வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றியதும் இந்தத் தேவைக்குத்தான்.

மருந்து என்றால் அளவும் நேரமும் உண்டு. டொக்டர் "500 மில்லி, 4 மணித்தியாலம்" என்று எழுதுவார். அதை நாங்கள் துளிக் கணக்காக மாற்ற வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாவிக்கும் செட்டில் (போத்தலிலிருந்து கைக்கு வரும் குழாயில்) 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். 15 துளி செட்டும் உண்டு, உறையில் போட்டிருக்கும். மொத்த மில்லிலீற்றரைத் துளி எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுத்தால் சரி. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. 4 மணித்தியாலம் என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 42 துளி, அதாவது 10 செக்கனுக்கு 7 துளி. கைக்கடிகாரத்தைப் பார்த்து நீங்களே எண்ணலாம். குழந்தைகளுக்குப் போடும் நுண்துளி செட்டில் 60 துளிக்குத்தான் ஒரு மில்லி. அதில் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை துளி.

எண்ணுங்கள், ஆனால் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னச் சில்லைத் தொடாதீர்கள். பின்னேரம் நோயாளி பார்க்க வரும் நேரத்தில் இது நடக்கும். வெருகலுக்கோ புல்மோட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில் ஒரு மகன், "மிஸ், இது மெதுவா போகுது, கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்" என்பார். நான் அடுத்த கட்டிலில் கையலுவலாக நிற்பேன். திரும்பிப் பார்த்தால் சில்லு மேலே போயிருக்கும், துளி துளியாக விழுந்தது தாரையாக ஓடும். முழுதாகத் திறந்துவிட்டால் 4 மணித்தியாலப் போத்தல் அரை மணிக்குள் முடியலாம். இளவயதுக்காரர் சிலவேளை தாங்கிக்கொள்வார். இருதயம் பலவீனமான, சிறுநீரகம் பழுதான அம்மம்மாவுக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலில் தேங்கும். முதலில் இருமல், பிறகு படுக்க முடியாமல் எழும்பி இருந்து மூச்சு வாங்குவார். பொட்டாசியம் கலந்த போத்தலாக இருந்தால் இதயத் துடிப்பே குழம்பிவிடும். அன்பினால் செய்வதுதான், எனக்குத் தெரியும். அதனால்தான் கோபப்படாமல் இவ்வளவையும் எழுதுகிறேன்.

டெங்கு வார்ட்டில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில், 50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவருக்கு நம் நாட்டு வழிகாட்டி போடும் கணக்கு 48 மணித்தியாலத்துக்கு 4,600 மில்லி. சேலைனும் வாயால் குடிப்பதும் இரண்டும் அதற்குள் அடக்கம். சிறுநீர் எவ்வளவு போகிறது, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்த்து டொக்டர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கசிவு நின்றதும் வெளியே போன நீர் திரும்பி இரத்தக் குழாய்க்குள் வரும். தண்ணீர் கூடிப்போனால் ஆபத்தாகும் நேரம் அது. ஆகவே ஒளித்துக் கொடுக்கும் ஒரு செவ்விளநீரும் எங்கள் கணக்கைப் பிழைக்க வைக்கும். கொடுத்தால் எத்தனை கோப்பை என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் ஏச மாட்டோம், எழுதிக்கொள்வோம்.

துளி நின்றுபோனால் பெரும்பாலும் கை மடங்கியிருக்கும், அல்லது குழாய் உடம்புக்கு அடியில் நசிந்திருக்கும். கையை நீட்டிப் பாருங்கள். அப்படியும் ஓடாவிட்டால் கூப்பிடுங்கள். கனூலா (கையில் குத்தியிருக்கும் சின்னக் குழாய்) போட்ட இடம் வீங்கினாலோ, நோவெடுத்தாலோ, குளிர்ந்திருந்தாலோ உடனே சொல்லுங்கள். நாளத்துக்குள் போகவேண்டியது தோலுக்கடியில் இறங்குகிறது என்று அர்த்தம். நடுக்கம், கடி (அரிப்பு), மூச்சுத் திணறல் வந்தால் ஓடி வந்து சொல்லுங்கள். கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது போத்தலைக் கைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். குழாயில் இரத்தம் ஏறி வந்தால் பயப்பட வேண்டாம், போத்தலை நசிக்கவும் வேண்டாம். உயர்த்திப் பிடித்துக்கொண்டு எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.