பெடகாஜி: பள்ளிக்கு வழித்துணையாகப் போனவர்

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அதிகம் அடிபடும் சொல் பெடகாஜி. "அவருக்கு விஷயம் தெரியும், பெடகாஜிதான் போதாது" என்கிற அளவுக்குப் பேச்சிலும் புகுந்துவிட்டது. பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, கேட்பவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார், இந்த இரண்டும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே ஒட்டாமல் போகின்றன என்று பார்க்கும் துறைக்கு இந்தப் பெயர். வகுப்பில் அதைக் கையாளும் விதத்துக்கும் இதுவே பெயர்.

மூலம் கிரேக்கம். 'பைஸ்' என்றால் சிறுபிள்ளை, 'அகோகோஸ்' என்றால் நடத்திச் செல்பவர். சேர்த்தால் 'பைடகோகோஸ்'. குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸில் இருப்பதும் இதே பைஸ்தான். பிள்ளையை அறிவுப் பாதையில் அழைத்துப் போகிறவர், ஆகவே ஆசிரியர் என்று விளக்கம் சொல்லிவிடலாம். மேடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை வேறு. பண்டைய ஏதென்ஸில் பைடகோகோஸ் பாடம் சொன்னவர் அல்லர். அவர் வீட்டு அடிமை. பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும், அங்கேயே காத்திருந்து திரும்ப அழைத்து வருவதும், வழியில் ஒழுங்காக நடக்கிறானா என்று கவனிப்பதும் அவர் வேலை. பாடம் சொன்னவருக்குப் பெயர் 'டிடாஸ்கலோஸ்'.

பிளாட்டோவின் ஓர் உரையாடலில் இதைக் கண்ணால் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். லைசிஸ் என்ற சிறுவனிடம் சாக்ரடீஸ், உன்னை உன் இஷ்டப்படி நடக்க விடுகிறார்களா என்று கேட்கிறார். இல்லை, இதோ நிற்கிற பைடகோகோஸ்தான் என்னை ஆள்கிறார் என்கிறான் பையன். அவர் அடிமைதானே, சுதந்திர மனிதனை அடிமை ஆள்வதா என்று சாக்ரடீஸ் சீண்டுகிறார். கடைசியில் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் பைடகோகோஸ்களே வந்து, நேரமாகிவிட்டது, வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று அயல்வாடை அடிக்கும் கிரேக்கத்தில் சத்தம் போட, தத்துவம் பாதியில் கலைகிறது. பிளாட்டோவின் பெயரில் வழங்கும் இன்னொரு உரையாடலில், பிற்பாடு ஏதென்ஸின் தளபதியான அல்சிபியாடீஸுக்குப் பைடகோகோஸாக வாய்த்த சோபைரஸ், வயதாகி வேறு வேலைக்கு உதவாதவர் என்று வருகிறது. ஆக, கல்வியியலின் பெரும்பெயருக்கு அடியில் இருப்பது வேறு வேலைக்கு ஆகாமல் ஒதுக்கப்பட்ட ஒரு கிழவர்! பிற்பாடு லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் போனபோது, கூடப் போனவரின் பெயர் மெல்ல மெல்லக் கற்பிப்பவருக்கு ஆகிவிட்டது.

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாமும் பாடத்தை 'நடத்துகிறோம்'. நட என்பதன் பிறவினை நடத்து. கிரேக்கர் பிள்ளையை நடத்தினார்கள், நாம் பாடத்தை நடத்துகிறோம். பாடம் நடந்து போர்ஷன் முடிந்துவிடும். பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்பதும் உண்டு. "நான் நடத்திட்டேன், அவனுக்குத்தான் மண்டையில ஏறலை" என்ற புலம்பலுக்கு இந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

'கற்பி' அப்படி இடம் கொடுக்காது. செய், செய்வி என்பதுபோல் கல், கற்பி. கற்கச் செய்வதுதான் கற்பித்தல். எதிரில் இருப்பவர் கற்கவில்லை என்றால், கண்டிப்பான இலக்கணப்படி நாம் கற்பிக்கவே இல்லை, சொன்னோம், அவ்வளவுதான்.

இதைவிட எனக்குப் பிடித்த ஜோடி கற்றுக்கொள், கற்றுக்கொடு. ஒரே வினையெச்சம், துணைவினைதான் மாறுகிறது. பக்கத்தில் கொள் வந்தால் மாணவர், கொடு வந்தால் ஆசிரியர். ரஷ்ய மொழியில் 'அபுச்சேனியே' என்ற சொல் கற்பித்தல், கற்றல் இரண்டையும் சேர்த்தே குறிக்கும். உளவியலாளர் வைகாட்ஸ்கியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் இந்தச் சொல்லை ஓரிடத்தில் கற்றல் என்றும், இன்னோரிடத்தில் கற்பித்தல் என்றும் பெயர்த்துத் திண்டாடியிருக்கிறார்கள். தமிழில் பெயர்ப்பவருக்கு அந்தத் திண்டாட்டம் கொஞ்சம் குறையும்.

கொள், கொடு என்ற இதே ஜோடியை வைத்துத்தான் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூலில் பவணந்தி பாடம் சொல்லும் முறைக்கு இலக்கணம் எழுதினார். "கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொளக் கோட்டமில் மனத்தின் நூல் கொடுத்தல்" என்கிறார். படிப்பவன் எந்த விதத்தில் வாங்கிக்கொள்கிறான் என்று அறிந்து, அவன் மனம் ஏற்கும்படி, கோணலில்லாத மனத்தோடு சொல்லிக்கொடுப்பது என்று பொருள். கொள்வோன் கொள்வகை என்ற இரண்டு சொல்லில் பெடகாஜி முழுவதும் அடக்கம் என்பேன்.

கொள்வகை என்றால் என்ன? ஒரு சிறுமி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள். தப்பு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எப்படி வந்தது என்று கேட்டால், "மேலே இருக்கிறதை மேலேயும், கீழே இருக்கிறதைக் கீழேயும் கூட்டினேன்" என்பாள். அதுதான் அவள் கொண்ட வகை. சரி, ஐந்தில் இரண்டு பெரியதா, அரை பெரியதா என்று அடுத்த கேள்வி. அரைதான் பெரியது. அப்படியானால் அரையோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது? அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நோட்டையே பார்ப்பாள். அப்புறம்தான் பகுதியைச் சமப்படுத்தும் பேச்சை எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

அவளே அடுத்த நாள் பக்கத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நன்னூலில் கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் வருவது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேர்கிறது. 'கொள்' பக்கம் தொடங்கியவர் 'கொடு' பக்கம் போனால்தான் கணக்கு முழுமை ஆகிறது. (மாணவரை எருமை, இல்லிக்குடம் அதாவது ஓட்டைக் குடம் என்றெல்லாம் தரம் பிரித்த நூல்தான் இது. அதற்கு முன்பே, ஆகாத ஆசிரியரைக் கழற்குடம் என்றும் சொல்லிவிட்டது: குடத்தில் போட்ட கழற்சிக்காய் மாதிரி, போட்ட வரிசையில் எதுவும் வெளியே வராது.)

அப்படியானால் பெடகாஜிக்குத் தமிழ் என்ன? துறையைச் சொல்ல 'கற்பித்தலியல்' நல்ல சொல், வழக்கிலும் இருக்கிறது. ஓர் ஆசிரியரின் வழிமுறையைச் சொல்ல 'கற்பித்தல் முறை' அல்லது எளிமையாக 'சொல்லிக்கொடுக்கும் விதம்'. 'கல்வியியல்' என்பது கல்வித் துறை முழுவதற்குமான பெயர், அதை இங்கே கொண்டுவந்தால் குழப்பம். 'போதனா முறை' பழைய நூல்களில் உண்டு. போதனை என்றதும் உபதேசம் நினைவுக்கு வருவதால் நான் தவிர்ப்பேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கற்றல் கற்பித்தல்' என்று இணைத்தே எழுதலாம்.

கூடவே வரும் ஆண்ட்ரகாஜியையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவர்கள் கற்பதைப் பற்றிய இந்தச் சொல்லை 1833-ல் அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மானியர் பயன்படுத்தினார். 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் அதைப் பரப்பினார். கிரேக்க 'அனெர்' ஆண்மகனை மட்டுமே குறிக்கும், எனவே சொல்லளவில் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். தமிழில் 'வளர்ந்தோர் கற்பித்தலியல்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.