ரோக் ஏன் தனியாகப் போகிறான்?

"நாங்கள் நான்கு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். எப்போது பார்த்தாலும் ரோக் தனியாகக் கிளம்பிவிடுகிறான். அணியை எப்படி ஒட்டவைப்பது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. ரோக் என்பவன் பதுங்கிப் போவதிலும் பூட்டுத் திறப்பதிலும் கெட்டிக்காரன்.

அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர் என்ற பங்கீடு எல்லோருக்கும் தெரியும். இவர்கள் ஏன் சேர்ந்து பயணம் போகிறார்கள் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வதும் அவசியம். சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: பகடைக் கணக்கு.

காவலர் கண்ணில் படாமல் நால்வரும் முற்றத்தைக் கடக்க வேண்டும். ரோக், காடறிந்த வேட்டைக்காரியான ரேஞ்சர் இருவருக்கும் இருபது முகப் பகடையில் 5 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே போதும். வாய்ப்பு தலா 80%. கவசம் போட்ட போர்வீரர் ஃபைட்டருக்கும் காயம் ஆற்றும் கிளெரிக்குக்கும் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், தலா 30%. ஒருவர் சொதப்பினாலும் எல்லோரும் மாட்டுவார்கள் என்றால், நான்கையும் பெருக்க வேண்டும். கிடைப்பது 5.76%. தனியாகப் போனால் 80% இருக்கும்போது ரோக் ஏன் காத்திருப்பான்? அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதற்கு ஓர் அழகான விதி உண்டு. குழுவாகச் செய்யும் காரியத்தில் பாதிப் பேராவது ஜெயித்தால் குழுவே ஜெயித்த மாதிரி. இப்போது போட்டுப் பாருங்கள். ஒருவருமே ஜெயிக்காத வாய்ப்பு 0.0196. ஒரே ஒருவர் மட்டும் ஜெயிக்கும் வாய்ப்பு 0.1736. இரண்டையும் 1-இலிருந்து கழித்தால் 0.8068. அதே நால்வர், அதே பகடைகள், ஆனால் 81%! ரோக் தனியாகப் போவதைவிட ஒரு இழை அதிகம். முதல்முறை இதைக் கணக்கிட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மேசையில் இது எப்படி இருக்கும்? ரோக்குக்கு 3 விழுகிறது, ஃபைட்டருக்கு 9. ரேஞ்சர் 12 போட்டுத் தப்பிக்கிறாள். மிச்சம் கிளெரிக்கின் பகடை. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். 18! முற்றத்தில் சறுக்கிய ரோக்கின் கையைப் பிடித்து நிறுத்தியது கிளெரிக்தான் என்று கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் சொல்லட்டும்.

சிலர் 'ராசியான பகடை' என்று ஒன்றை யாரையும் தொடவிடாமல் வைத்திருப்பார்கள். பகடைக்கு நினைவு கிடையாது. அந்த அக்கறையைப் பக்கத்தில் இருப்பவர்மேல் காட்டலாம்.

பூட்டுத் திறக்க அந்தக் குழு விதி வேண்டாம். அங்கே ரோக்கே போதும். அந்த வேலை தெரிந்த ஒருவர் கூட நின்று உதவினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 50% இருந்த வாய்ப்பு 75% ஆகிவிடும்.