மேலே கிழக்கே, அடியில் மேற்கே

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர், தாம் எழுதிவரும் கதை தொடர்பாக ஓர் ஐயத்தை அனுப்பியிருந்தார். கதையில் ஒரு கற்பனை நாடு. அங்கே புரட்சி வெடிக்கிறது. மாலுமிகள் அதிகாரிகளைச் சிறைப்பிடித்துக் கப்பல்களைக் கைப்பற்றி, இரண்டு கடல்களை இணைக்கும் குறுகிய நீரிணையை அடைத்து நிற்கிறார்கள். அரசுத் தரப்பின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓசையின்றி நீரோட்டத்தோடு போய் அந்தக் காவலைக் கடக்கிறது. சில நாள் கழித்து அதே உத்தியால் திரும்பியும் வருகிறது. போவதும் நீரோட்டத்தால், வருவதும் நீரோட்டத்தால் என்றால் யாராவது நம்புவார்களா என்பது அவருடைய கேள்வி.

நம்பலாம். ஆனால் எல்லா நீரிணையிலும் நம்ப முடியாது.

புரட்சிக் காலத்து நீரிணைப் போருக்கு வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. 1936 ஜூலையில் ஸ்பெயினில் இராணுவக் கிளர்ச்சி தொடங்கியபோது, போர்க்கப்பல்கள் பலவற்றில் மாலுமிகள் தங்கள் அதிகாரிகளை அடக்கிவிட்டுக் குடியரசின் பக்கம் நின்றார்கள். மேற்கே அட்லாண்டிக்கையும் கிழக்கே மத்தியதரைக் கடலையும் இணைக்கும் ஜிப்ரால்டர் நீரிணையை அவர்கள் அடைத்ததால், கிளர்ச்சித் தளபதி ஃபிராங்கோவின் படை மொரோக்கோவில் சிக்கிக்கொண்டு, வானூர்திகளில் ஏறிக் கடக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 29 அன்று ஸ்பார்ட்டெல் முனை அருகே கிளர்ச்சியாளரின் இரண்டு குரூசர்கள் ஒரு நாசகாரிக் கப்பலை மூழ்கடித்த பிறகே அந்த அடைப்பு உடைந்தது. அதே ஜிப்ரால்டர்தான் மாணவரின் கேள்விக்கும் விடை வைத்திருக்கிறது.

மத்தியதரைக் கடல் ஏறக்குறைய மூடிய கடல். அங்கே மழையும் ஆறுகளும் கொண்டுவரும் நீரைவிட வெயிலில் ஆவியாகும் நீர் அதிகம். நீர் போய் உப்பு தங்கிவிடுவதால், ஒரு கிலோ நீரில் அட்லாண்டிக் பக்கம் சுமார் 36 கிராம் உப்பு இருக்க, மத்தியதரைக் கடலில் சுமார் 38 கிராம் இருக்கிறது. வெறும் 2 கிராம்தான் வித்தியாசம். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி நீர் கனத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு வேறுபாடாகவே தோன்றாது. ஆனால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ எடை கூடுகிறது என்பதுதான் இங்கே முழுக் கதையும்.

நீரிணையின் இரு பக்கத்திலும் 100 மீட்டர் உயரமுள்ள இரண்டு நீர்த்தூண்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கே இலேசான நீர், கிழக்கே கனத்த நீர். இரண்டின் அடியிலும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டுமானால், இலேசான தூண் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். இனி இந்தத் தூண்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேல்மட்டத்தில், உயர்ந்து நிற்கும் மேற்குப் பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம். எனவே அங்கே நீர் கிழக்கு நோக்கித் தள்ளப்படுகிறது. கீழே இறங்க இறங்கக் கிழக்குத் தூணின் கனம் மீட்டருக்கு மீட்டர் சேர்ந்துகொண்டே வந்து, அந்த 20 சென்டிமீட்டரின் ஆதாயத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. ஓர் ஆழத்தில் இரண்டும் சமம். அதற்கும் கீழே கிழக்கின் கை ஓங்குகிறது. நீர் மேற்கு நோக்கி ஓடுகிறது. காற்றின் உதவியோ ஓதத்தின் உதவியோ இல்லாமல், அடர்த்தி வேறுபாடு ஒன்றே, ஒரே இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு எதிரெதிர் ஓட்டங்களைப் பிறப்பித்துவிடுகிறது. ஏ.சி. அறையின் கதவைத் திறந்துவைத்து நின்றால் பாதத்தில் குளிர்காற்று வெளியேறுவதும் தலைமட்டத்தில் வெங்காற்று உள்ளே வருவதும் இதே விதிப்படிதான். ஜிப்ரால்டரில் மேலோட்டம் மட்டும் நொடிக்குச் சுமார் 8 லட்சம் கன மீட்டர் நீரை உள்ளே கொண்டுவருகிறது.

இதை முதலில் ஆய்ந்து காட்டியவர் லூய்ஜி மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர். 1679இல் இஸ்தான்புல் சென்ற அவர், பாஸ்பரஸ் நீரிணையில் மேலே ஓடும் நீருக்கு எதிராக அடியில் இன்னொரு நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடுகிறது என்று அவ்வூர் மீனவர்கள் சொல்லக் கேட்டார். வெள்ளை வண்ணம் பூசிய தக்கைகளைக் கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தில் அவை எதிர்த்திசையில் இழுபடுவதைக் கண்டார். அதோடு நிற்காமல், ஒரு தொட்டியை நடுவே தடுத்து, மேலும் கீழும் துளையிட்டு, ஒரு பக்கம் கனத்த நீரும் மறுபக்கம் இலேசான நீரும் நிரப்பி, இரண்டு ஓட்டங்களையும் கண்முன் நிகழ்த்திக் காட்டினார். 1681இல் அதை நூலாகவும் வெளியிட்டார். மீனவர் வாய்மொழியை அளவீடாகவும் அளவீட்டைச் சோதனையாகவும் மாற்றிய அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தமானது.

தொட்டிச் சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் நடுவே பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நிறுத்தி, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு துளைகள் இட்டு மூடிவையுங்கள். ஒரு பக்கம் தாமிரபரணித் தண்ணீர். மறுபக்கம் அதே தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பும் சில துளி சொட்டு நீலமும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது துளைகளைத் திறந்தால், நீல நீர் தரையோடு தரையாக, மழுங்கிய முனையுடன் ஊர்ந்து போகும். மேல்துளை வழியே தெளிநீர் எதிரே வரும். இரண்டும் உரசும் எல்லையில் சிற்றலைகள் சுருளும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலும் ஆற்றுநீர் மேலேயும் உப்புநீர் அடியிலுமாக இதே இயற்பியல் நடக்கிறது. உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி மீனவர்கள் மேல்நீவாடு, அடிநீவாடு பற்றி அறிந்திருப்பதைக் கருவி கொண்டு அளந்து பதிவு செய்ய, நம் கல்லூரிகளுக்கு உப்பளவும் ஆழமும் காட்டும் எளிய கருவியும் ஒரு வள்ளமும் போதும். பெருந்திட்டங்களுக்குக் கோடிகளை ஒதுக்கும் நாம் இத்தகைய சிறிய ஆய்வுகளுக்கு நிதி தரத் தயங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இனி நீர்மூழ்கிக் கப்பலுக்கு வருவோம். 1941 முதல் 1944 வரை 62 ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரித்தானியக் காவலை மீறி ஜிப்ரால்டர் வழியே உள்ளே சென்றன. கிழக்கு நோக்கிய மேலோட்டம் அவற்றுக்குத் துணை நின்றது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அட்லாண்டிக்குக்குத் திரும்பவில்லை. திரும்புவதற்கு அடியோட்டம் இருந்ததே என்று கேட்கலாம். இரு ஓட்டங்களுக்கும் இடையிலான எல்லை கிழக்கில் மேடாகவும் மேற்கே போகப் போக ஆழமாகவும் சரிந்திருக்கிறது. அடியோட்டத்திலேயே நீடிக்க வேண்டுமானால் கப்பல் மேலும் மேலும் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நீரிணையில் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் உள்ள கடலடி மேட்டருகே அது அக்காலக் கப்பல்களின் தாங்குதிறனுக்கே சோதனை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூழ்கிய நிலையில் 870 டன் நீரை விலக்கும் கப்பல் இலேசான நீரிலிருந்து கனத்த நீருக்கு இறங்கினால், கன மீட்டருக்கு 2 கிலோ என்ற வேறுபாட்டுக்கே அதன்மீதுள்ள மிதப்பு விசை ஏறத்தாழ 1.7 டன் கூடிவிடும். அந்த அளவு நீரைத் தொட்டிகளில் ஏற்றினால்தான் கீழே இறங்க முடியும். துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் உப்பு வேறுபாடு இன்னும் பல மடங்கு என்பதால், 1915இல் அங்கே நுழைந்த நீர்மூழ்கிகளுக்கு ஆழத்தைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாடாக இருந்தது. அதே எல்லைப்பரப்பு எதிரியின் ஒலியலைகளை வளைத்து அனுப்பிவிடுவதால், அதன் அடியில் இருக்கும் கப்பலைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆகவே மாணவர் தம் கதையின் நீரிணையை நம் பாக் நீரிணையைப் போல அமைத்துவிடக் கூடாது. ஆதம் பாலத்தில் பல இடங்களில் ஆழம் சில மீட்டர்தான். அக்கால நீர்மூழ்கியின் உயரமே 9 மீட்டருக்கு மேல் என்பதால் அங்கே மூழ்கவே முடியாது. அங்கே ஓட்டத்தைப் பெரிதும் ஆள்வதும் பருவக்காற்றுதான். ஒரு பக்கம் வெயில் காயும் மூடிய கடல், மறுபக்கம் பெருங்கடல், இடையே 300 மீட்டராவது ஆழம் என்று அமைத்துக்கொண்டால், பெருங்கடலிலிருந்து உள்ளே போகும் கப்பலை மேலோட்டத்தில் விடலாம். கப்பல் அந்த ஆழத்தைத் தாங்கக்கூடியதாக இருந்தால், திரும்பும்போது அதன் தலைவர் முதலில் தொட்டிகளில் நீரை ஏற்றி எல்லைக்குக் கீழே இறங்கட்டும், பிறகு இயந்திரத்தை நிறுத்தட்டும்.